கருப்புசாமியின் ரகசிய ஆட்கள்

பொள்ளாச்சியில் பாலக்காட்டுக்கும் கம்பத்தில் குமுளிக்கும் பஸ் ஏறுகிறவர்கள் கையில் ஒரு காலத்தில் மாத நாவல் இருக்கும். கேரளத்திலிருந்து கோட்டயம் புஷ்பநாத்தின் துப்பறிவாளர்கள் மார்க்ஸினும் புஷ்பராஜும் தமிழுக்கு வந்தார்கள். கோவையிலிருந்து ராஜேஷ்குமாரின் விவேக் வந்தார். இத்தனை பேர் இருந்தும் என் மனம் தேடிப்போவது இந்திரா சௌந்தர்ராஜனின் ஆட்களைத்தான். அடையாள அட்டையோ சம்பளமோ இல்லாமல் சாமிக்காக உளவு பார்ப்பவர்கள், கோயில் ரகசியத்தை உயிரைக் கொடுத்துக் காப்பவர்கள் அவர்கள்.

‘விட்டுவிடு கருப்பா’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் தப்புச் செய்தவனுக்குத் தண்டனை கிடைக்கிறது. கருப்பு இறங்கி வந்துவிட்டது என்கிறது ஊர். படித்தவர்கள் இதற்குப் பின்னால் மனிதக் கை இருக்கிறது என்கிறார்கள். ஆசிரியர் பக்திக்கு ஒரு தடயம், பகுத்தறிவுக்கு ஒரு தடயம் என்று மாறி மாறி வைத்துக்கொண்டே போகிறார். எந்தப் பக்கத்தையும் அவர் கேலி செய்வதில்லை. ஆள் யாரென்று தெரிந்த பிறகும், அந்த ஆளுக்குள் புகுந்து நடத்தியது யார் என்ற கேள்வி நம்மோடு தங்கிவிடுகிறது. அதுதான் அவருடைய கைத்திறன். நாகா இயக்கத்தில் தொண்ணூறுகளில் வந்த ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடரில் இந்த நாவல் ‘விடாது கருப்பு’ ஆனது. அதற்கு முன் வந்த ‘ரகசியம்’, நவபாஷாண லிங்கத்தைத் திருட வருகிறவர்களின் கதை.

எல்லையோர வாசகருக்கு இதெல்லாம் கட்டுக்கதையாகத் தோன்றாது. குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி ஒருநாள் மட்டும்தான் பக்தர்களை அங்கே விடுவார்கள். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்யும். மற்ற நாளெல்லாம் அங்கே யார் காவல் என்று யோசித்தாலே பாதி நாவல் வந்துவிடும்.

அந்த மாத நாவல்களெல்லாம் சாணித்தாளில் அச்சடித்து, நடுவில் பின் அடித்து வந்தவை. துருப்பிடித்த பின்னைச் சுற்றித்தான் தாள் முதலில் பழுத்து உதிரும். பின்னைக் கழற்றி நூலால் தைத்து வைத்தால் இன்னும் பல வருஷம் தாங்கும்.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானார். அவருடைய பழைய மாத நாவல்கள் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அட்டைப் படத்தோடு அப்படியே பத்திரப்படுத்துங்கள்.