துவைக்காத துண்டு ஒன்று எடுத்து வாருங்கள்

நாய் வளர்க்கிற யாரைப் பார்த்தாலும் நான் இப்போதெல்லாம் இந்த ஒரு இடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீட்டில் பேசுகிறேன். கால்நடை மருத்துவமனை வரிசையில் பேசுகிறேன். சாலையில் யாராவது நாயைப் பிடித்துக்கொண்டு போனால், தெரியாதவராக இருந்தாலும் நிறுத்திப் பேசுகிறேன். கோயம்புத்தூருக்கு மேற்கே, தொண்டாமுத்தூர்ப் பக்கம், தென்னந்தோப்புக்குள் ஒரு குடும்பம் நடத்துகிற நாய் போர்டிங் அது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். வருகிற நாய்களுக்கே இடம் சரியாக இருக்கிறதாம். பெயரை விட்டுவிடுகிறேன். மற்றதையெல்லாம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

தோப்பின் நடுவில் ஓட்டு வீடு. வீட்டை ஒட்டியே மூன்று பக்கமும் நாய்களின் அறைகள். எனக்கு முதலில் பிடித்துப்போனது இந்த அமைப்புத்தான். நான் பார்த்த சில இடங்களில் கூண்டுகள் நிலத்தின் கடைக்கோடியில் இருக்கும், உரிமையாளர் ஊருக்குள் இருப்பார், ராத்திரிக்கு ஒரு காவலாளி. இங்கே சமையலறை ஜன்னலைத் திறந்தால் முதல் வரிசை அறைகள். திண்ணையில் அய்யாவின் கயிற்றுக்கட்டில். இரவு இரண்டு மணிக்கு ஒரு நாய் குமட்டினால், அந்தச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் குடும்பமே படுத்திருக்கிறது. ஊருக்குப் போய் நிம்மதியாகத் தூங்க எனக்கு இது ஒன்றே போதும்.

அய்யா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா சமையல். மகனை நான் அண்ணன் என்பேன். கழுவுவது, நடத்திக்கொண்டு போவது, பழக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. மருமகள் அக்காதான் உண்மையில் இந்த இடத்தின் உயிர். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பாப்பா ஒருத்தி; பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எந்த நாய் எங்கே என்று அவளுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஒரு நாள் விடியும் முன்பே போய் இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். நான் வருவதற்காக அவர்கள் எதையும் மாற்றவில்லை, மறைக்கவும் இல்லை.

காலை ஐந்து மணிக்கு அறைகள் திறக்கும். திறப்பதற்கு ஒரு வரிசை உண்டு. வயதான நாய்கள் முதலில், அவற்றால் அடக்கிக்கொள்ள முடியாது. அடுத்து பயந்த சுபாவம் உள்ளவை, தோட்டம் அமைதியாக இருக்கும்போதே போய்வந்துவிட. கடைசியில்தான் லேப், பீகிள், ஹஸ்கி மாதிரி துள்ளுகிற கூட்டம். எல்லாவற்றையும் ஒன்றாக அவிழ்த்துவிடும் பேச்சே இல்லை. "வாலை ஆட்டுதுன்னா சந்தோசம்னு நெனைக்கறாங்க. அப்படியில்லீங்க. வாலைத் தூக்கி விறைப்பா ஆட்டிக்கிட்டு, ஒடம்பு அசையாம நின்னு முறைச்சுதுன்னா சண்டைக்குத் தயாராகுதுன்னு அர்த்தம்" என்றார் அண்ணன். முன்னங்காலை மடக்கித் தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கினால் விளையாடக் கூப்பிடுகிறது. இதைப் பார்த்துப் பார்த்துத்தான் யாருக்கு யார் ஜோடி என்று முடிவு செய்கிறார்.

அன்றைக்கு ஓரத்து அறையில் ஓர் இராஜபாளையம் இருந்தது. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. இந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருக்கும். அந்த வெள்ளை நிறத்துக்கும் செவிட்டுத்தன்மைக்கும் தொடர்பு உண்டு. இவனும் செவிடு, நல்ல தூக்கத்தில் கிடந்தான். அண்ணன் தாழ்ப்பாளில் கை வைக்கவில்லை. அறை வாசலில் நின்று குதிகாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார். அந்த அதிர்வு போய்ச் சேர்ந்ததும் நாய் கண்ணைத் திறந்தது, அவரைப் பார்த்தது, வால் அசைந்தது. அதற்குப் பிறகுதான் கதவு. "காது கேக்காத நாயைத் திடீர்னு தொட்டா பயத்துல கடிச்சுப்போடும். அது மேல தப்பில்லீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அந்த இரண்டு தட்டுக்காகவே நான் இவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுவேன்.

கழுவுவதில் இவர்கள் காட்டுகிற கறார் தனிக்கதை. பார்வோ கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். சும்மா தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் போகாது, பினாயில் வாசனைக்கும் மசியாது. முதலில் மலத்தை அள்ளுகிறார்கள். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். அப்புறம்தான் ப்ளீச். அழுக்கின் மேல் ப்ளீச் ஊற்றினால் வேலை செய்யாது. சிறுநீரின் மேல் ஊற்றினால் அமோனியாவோடு கலந்து நெஞ்சை அடைக்கிற வாடை கிளம்பும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மறுபடி கழுவி, தரை காய்ந்த பிறகுதான் நாய் உள்ளே வரும். ஒவ்வோர் அறைக்கும் தனித் துடைப்பம், தனிக் கிண்ணம். புதிதாக வருகிற நாய்க்குத் தோப்பின் மறுபக்கத்தில் தனி அறை. நாய் போர்டிங் என்றாலே மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்களை இங்கே ஒரு காலையில் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

ஏழு மணிக்கு அக்கா சுற்றி வருவார். கையில் ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு நாயின் மேலுதட்டையும் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுகிறார். அழுத்தின இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிட வேண்டும். ஈறு வெளிறிப்போயிருந்தால் உண்ணிக் காய்ச்சலோ என்று சந்தேகப்பட்டு அன்றைக்கே மருத்துவரிடம். உடம்பு சுட்டால் தெர்மாமீட்டர். "நாய்க்கு 101லிருந்து 102.5 வரைக்கும் சாதாரணமுங்க. மனுசங்க கணக்கைப் பார்த்துப் பயந்துக்கக் கூடாது" என்பார்.

அந்த நோட்டை என்னிடம் காட்டினார். கணக்குப் புத்தகம் மாதிரி கோடு போட்டு, நாய் ஒன்றுக்கு ஒரு பக்கம். 'இடிக்குப் பயம். வலது காதைத் தொட்டால் பிடிக்காது.' 'சாப்பிடும்போது பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும்.' 'ஆண்கள் செருப்புச் சத்தம் கேட்டால் ஒளிந்துகொள்ளும். அண்ணன் வெறுங்காலோடு போகவும்.' எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை வேணியின் பக்கத்தில், 'பூனையைப் பார்த்தால் சுவர் தாண்டும். தெற்கு அறை மட்டும்' என்று இருந்தது. கண்ணில் பட்டதைத் துரத்தப் பிறந்த வேட்டை நாய் அது, ஐந்தடிச் சுவரெல்லாம் அதற்கு ஒரு தடையா? தெற்கு அறைக்கு மட்டும்தான் மேலேயும் கம்பி வலை. நான் சொல்லாமலே இதைக் கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தார்கள்.

அம்மாவின் அடுப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பெரிய அலுமினியக் குண்டாவில் குருணை, எலும்பு நீக்கிய கோழிக்கறி, ஈரல் கொஞ்சம், பூசணிக்காய், கேரட், ஒரு சிட்டிகை மஞ்சள். உப்பு கிடையாது. வெங்காயமும் பூண்டும் அந்தப் பக்கமே வராது. அவை நாயின் சிவப்பணுக்களை அழித்துவிடும். வேகவைத்த எலும்பும் கூடாது, ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். பொங்கலன்றைக்கு நாயைப் பார்க்க வந்த யாரோ சர்க்கரைப் பொங்கலை ஒரு கை நீட்டியபோது, அம்மா ஓடிவந்து தட்டையே பிடுங்கிக்கொண்டாராம். "திராட்சை கெடக்குதே சாமி, கிட்னி போயிருமே!" என்று அவர் பதறியதை அக்கா நடித்துக் காட்டினார்.

வீட்டில் உலர் தீவனம் தின்று பழகிய நாய்க்கு அதையேதான் போடுகிறார்கள். புது இடம், புதுச் சாப்பாடு இரண்டும் சேர்ந்தால் வயிறு கலங்கிவிடும். சாப்பிட்டு முடித்ததும் ஓட்டம் கிடையாது. சிப்பிப்பாறை, கிரேட் டேன் போன்ற ஆழமான நெஞ்சுள்ள நாய்கள் வயிறு நிறையத் தின்றுவிட்டுக் குதித்தால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். அதனால் கட்டாய ஓய்வு.

முதன்முறை விட வருகிறவர்களிடம் அக்கா கேட்பது பொம்மையோ மெத்தையோ அல்ல. "நீங்க உடுத்துன துண்டோ லுங்கியோ ஒண்ணு கொடுத்துட்டுப் போங்க. தொவைக்காம கொடுங்க." முதல் நாள் பல நாய்கள் சாப்பிடாது, வாசலைப் பார்த்துக்கொண்டே கிடக்கும். வீட்டு ஆளின் வாசனை மூக்கருகில் இருந்தால் சீக்கிரம் தூங்குகிறது, மறுநாள் கிண்ணம் காலி. அப்படியும் சாப்பிடாத நாய் பக்கத்தில் பாப்பா தன் பள்ளிக்கூடப் புத்தகத்தோடு உட்கார்ந்து சத்தமாகப் பாடம் படிக்கிறாள். நாயைத் திரும்பியே பார்க்க மாட்டாள். பார்க்காமல் இருப்பதுதான் முக்கியம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு ஒரு பொமரேனியன் நாலாவது செய்யுள் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, மெல்ல வந்து அவள் முழங்காலில் மோவாயை வைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

மதியம் தோப்பே தூங்கும். வெயில் காலத்தில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும், கூரையில் தென்னங்கீற்று, ஜன்னலில் நனைத்த சாக்கு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். மூக்கு சப்பையான பக் நாயால் அதையும் சரியாகச் செய்ய முடியாது, பாவம். அதனால் பக் வந்தால் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, அம்மாவின் பக்கத்தில்தான் அதற்கு இடம்.

அந்தக் கூடத்துச் சுவரில் சாமி படங்களுக்கு நடுவே கண்ணாடி போட்ட ஒரு சின்னச் சட்டம். 2005-ல் அஞ்சல் துறை நாய்களுக்காக வெளியிட்ட நான்கு தபால்தலைகள்: இமாலயன் ஷீப்டாக், ராம்பூர் ஹவுண்ட், முதோல் ஹவுண்ட், நம் இராஜபாளையம். அய்யா துண்டால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் காட்டினார். சிப்பிப்பாறைக்கும் கோம்பைக்கும் கன்னிக்கும் எப்போது போடுவார்கள் என்று அவருக்கு உண்மையாகவே வருத்தம். எனக்கும்தான்.

சாயங்காலம் நடை. தோப்பில் மயில் அகவினால் மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் பதில் சொல்லும். மலையடிவாரம் என்பதால் சில இரவுகளில் யானையும் இறங்கும். அன்றைக்கு நாய்கள் குரைப்பதே வேறு மாதிரி இருக்கும் என்கிறார் அய்யா. அப்படியான இரவில் யாரும் வெளியே வருவதில்லை, எந்த நாயும் திறந்த அறையில் இருப்பதில்லை.

நடை முடிந்து வந்ததும் உண்ணி பார்ப்பது. காதுக்குள், கால்விரல் இடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில், வால் மூட்டில். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, ஸ்பிரிட் புட்டிக்குள் போடுகிறார் அக்கா. நசுக்குவதில்லை, மண்ணெண்ணெய் வைப்பதில்லை. இருட்டியதும் ஒவ்வொரு வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. கூடவே, "மோஷன் நல்லாப் போச்சுங்க, சோறு முக்கால்வாசி சாப்டுச்சுங்க" என்று குரல் பதிவு. அலங்காரப் படங்கள் எனக்கு வேண்டாம், நாய் வளர்க்கிறவளுக்கு வேண்டிய செய்தி இதுதான்.

தடுப்பூசி அட்டை இல்லாமல் வந்தால் யார் சிபாரிசும் எடுபடாது. ரேபிஸ், பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகள் அட்டையில் இருக்க வேண்டும். நேற்றுப் போட்டுவிட்டு இன்றைக்குக் கூட்டிவந்தாலும் திருப்பி அனுப்புகிறார்கள், ஊசி வேலை செய்யச் சில நாள்கள் வேண்டும். பருவத்தில் இருக்கிற பெட்டை நாயை அந்தச் சமயத்தில் எடுப்பதில்லை. வருமானம் போகிறதே என்று இவர்கள் யோசித்து நான் பார்த்ததில்லை.

தீபாவளிதான் இவர்களுக்குப் பெரிய பரீட்சை. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு காது நின்றுவிடுகிறது, நாய்க்கு 45,000 வரை கேட்கும். வெடிச் சத்தம் அவற்றை என்ன பாடு படுத்தும்! அன்று மாலை நடையை முன்கூட்டியே முடித்து, எல்லா நாய்களையும் உள் அறைகளில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, ரேடியோவைப் பாட விடுகிறார்கள். குடும்பத்தில் ஆளுக்கொரு அறை. அம்மா, அய்யா, அண்ணன், அக்கா நால்வரும் நாய்களோடு தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். பலகாரமெல்லாம் மறுநாள் காலையில்தான். பாப்பா இதுவரை ஒரு மத்தாப்புகூடக் கேட்டதில்லையாம்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு குடும்பம் இருக்கக்கூடும். தேடுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் காலையில், கழுவுகிற நேரத்தில் போய்ப் பாருங்கள். ராத்திரி யார் படுக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் நாயைப் பற்றி அவர்கள் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். கிடைத்துவிட்டால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தீபாவளிக்கான இடத்தை ஆவணியிலேயே சொல்லி வையுங்கள். ஐப்பசியில் கேட்டால் கிடைக்காது.