கல்முனைக்கு எந்த அரங்கு?

மெய்நிகர் விளையாட்டுக்கு இடம் அமைப்போர் முதல் நாள் கூட்டத்தைக் கண்டு மயங்குகிறார்கள். ஹெட்செட்டை மாட்டிய எவரும் முதல் தடவை வியப்பார். அந்த வியப்பு கருவிக்கு உரியது, அரங்குக்கு உரியதன்று. அரங்கை அளக்கும் கோல் இரண்டாம் வருகை. கிழக்கிலங்கையில் கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருங்கிக் கிடக்கும் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஊர்களில் இந்தக் கோல் இன்னும் கடுமையானது. அறுகம்பைக்கு வருவது போன்ற சுற்றுலாக் கூட்டம் இங்கே இல்லை. வந்தவர்களேதான் திரும்ப வரவேண்டும்.

இத்துறையின் உச்சச் சாதனை 'தி வாய்ட்' நிறுவனத்துடையது என்பேன். 2016இல் நியூயோர்க்கில் திறந்த அதன் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' அரங்கில், கண் காணும் சுவரைக் கையும் தொட்டது. காட்சிக்கும் உடலுக்கும் இடையே அப்படியோர் ஒருமையை வேறெவரும் எளிதில் எட்டவில்லை. அதன் குறையும் அங்கேதான்: கதைக்கென்று சுவர் கட்டினால் கதை பழகியதும் சுவரும் பழகிவிடும். 2015இல் மெல்பேர்னில் தொடங்கிய 'சீரோ லேட்டன்சி' வெறுங்கூடத்தையே நம்பியது. தொடுவுணர்வில் அது வறியது, ஆனால் அதே தரையில் நாளை வேறொரு கதையை விரிக்கலாம். 2020இல் 'தி வாய்ட்' மூடப்பட்டது. பெருந்தொற்றை மட்டும் காரணம் காட்டுவது நியாயமாகாது. வெறுங்கூட முறையைக் கொண்ட 'சாண்ட்பாக்ஸ் விஆர்' அதே ஆண்டில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியும் மீண்டெழுந்தது. ஐமேக்ஸ் தன் பெரும் பெயரோடு 2017இல் தொடங்கிய மெய்நிகர் நிலையங்களோ தொற்றுக்கு முன்பே, 2019இல், முடிந்துபோயின.

கல்முனையில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பெருநாள் கார்னிவல் கொட்டகை. கூட்டம் ஆயத்தமாக நிற்கும், வாடகையும் சில நாட்களுக்கே. ஆனால் ஆட்டம் பத்து நிமிடம், மாட்டித் துடைத்து மாற்ற ஐந்து நிமிடம் என்றால், நான்கு ஹெட்செட்டில் மணிக்குப் பதினாறு பேருக்குமேல் ஆடமுடியாது. வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏமாந்துதான் போவார்கள். பகல் வெயில் வில்லை வழியே நேராக விழுந்தால் உள்ளிருக்கும் திரை கருகும். இருட்டினால், சுற்றுப்புறத்தைப் பார்த்து இடமறியும் கெமராக்கள் தடுமாறும். கடற்கரை மணலும் உப்புக்காற்றும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். விளம்பரத்துக்கு இது நல்ல வழி, தொழிலுக்கு அன்று.

உட்கார்ந்து பார்ப்பவரைக் காட்சிக்கேற்ப அசைக்கும் நாற்காலி வகையை ஒதுக்கிவிடலாம். இரண்டாம் முறை அதில் புதிதாக எதுவும் இல்லை. 'சீரோ லேட்டன்சி' போன்ற பெருங்கூடம் கலைக்கு உகந்தது. ஆனால் நிலம் இவ்வளவு அரிதான ஊரில் அதன் வாடகையை மாலை நேர வருமானத்தால் மட்டும் ஈடுகட்ட முடியாது.

எஞ்சுவது, கதவடைக்கக்கூடிய இரண்டு மூன்று சிற்றறைகள். இதையே நான் தேர்வேன். இடம் மிச்சமாவது சிறு காரணம். இந்த ஊர்களில் ஓய்வுநேரம் குடும்பத்தோடு கழிகிறது. கண்ணை மறைத்துக் கையை வீசி ஆடும் ஒரு விளையாட்டைப் பொதுவெளியில் ஆட எந்த உம்மாவும் எந்தக் குமர்ப்பிள்ளையும் துணியமாட்டார். முதலில் எதிர்கொள்ளவேண்டிய கேள்வி இது. இங்கே பாதி வாடிக்கையாளரை அதுவே தீர்மானிக்கும். குடும்பமாக அறையைப் பதிவு செய்யும் வழியும், பெண்களுக்கென ஒதுக்கிய நேரமும், அந்நேரத்தில் பெண் பணியாளரும் வேண்டும். ஹிஜாபின்மேல் இறுகாமல் அமரும் பட்டி, பிள்ளை என்ன பார்க்கிறது என்று பெற்றோருக்குக் காட்டும் வெளித்திரை ஆகியன அலங்காரமல்ல, வடிவத்தின் உறுப்புகள். தொழுகை நேரங்களை ஒட்டி அட்டவணை அமையவேண்டும். நோன்பு மாதத்தில் அது தராவீஹுக்குப் பின்னர் நகரும்.

குறையும் உண்டு. சிற்றறையில் பலர் கூடி நடக்கும் பரவசம் கிடையாது. மூடிய அறையின் புழுக்கத்தில் வியர்வை வில்லையை மங்கவைக்கும் என்பதால் குளிரூட்டி கட்டாயம். 2022இன் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட எவரும் மின்பிறப்பாக்கி இல்லாமல் அதைத் திட்டமிடக்கூடாது. வீட்டுப் பாவனைக்கு வாங்கிய விளையாட்டைக் கட்டணத்துக்கு ஆடவிட முடியாது, வணிக உரிமம் தனியே பெறவேண்டும். இந்தச் செலவுகளையும் ஏற்றிக் கணக்கிட்ட பிறகே அறைகள் இரண்டா மூன்றா என்று முடிவு செய்யலாம்.