ஓட்டையும் ஒரு வரிதான்: தூவே யான்சனின் 1952 புத்தகம்

மூமின் படம் போட்ட குவளை, சாக்ஸ், கைப்பை எல்லாம் உலகம் முழுக்க விற்கிறது. அந்த வெள்ளை உருவத்தை ஏதோ நீர்யானை பொம்மை என்று நினைத்துக் கடந்துபோனவர்கள் நம்மில் நிறைய பேர் இருப்பார்கள். அதை வரைந்த பின்லாந்துக்காரர் தூவே யான்சன் (1914–2001) நல்ல எழுத்தாளர் என்று தெரிந்தவர்கள் கொஞ்சம்தான். தாள், மை, எழுத்துரு, பக்கம் திருப்பும் விரல் வரை சேர்த்து புத்தகத்தை யோசித்த கலைஞர் அவர் என்று பேசுபவர்கள் அதைவிடக் குறைவு. எனக்கு அந்த மூன்றாவது தூவேதான் முக்கியம்.

ஹெல்சிங்கியில், ஸ்வீடிஷ் மொழி பேசும் சிறுபான்மைக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா சிற்பி. வீட்டில் நிரந்தரமாகச் சம்பாதித்தவர் அம்மா சிக்னே ஹம்மர்ஸ்டன்-யான்சன். அஞ்சல்தலைகள், நூல் அட்டைகள், பத்திரிகைக் கேலிச்சித்திரங்கள் என்று ஓயாமல் வரைந்த பெண். 'ஓவியம் உயர்ந்தது, அட்டை வரைவது கூலி வேலை' என்ற பாகுபாடு கலைஞர்கள் மத்தியில் எப்போதும் உண்டு. அந்தக் கூலி வேலையில்தான் மகள் தொழில் கற்றாள். 15 வயதில், 1929இல், 'கார்ம்' என்ற நையாண்டிப் பத்திரிகைக்கு வரையத் தொடங்கியவர், 1953இல் அது நிற்கும் வரை அதில் வரைந்தார். 1938இல் ஹிட்லரை அடம்பிடித்து அழும் குழந்தையாக அட்டையில் போட்டார். சின்ன இடம், குறைவான நிறம், ஒரே பார்வையில் விஷயம் விளங்க வேண்டும். இதெல்லாம் எந்த ஓவியப் பள்ளியும் தராத பயிற்சி.

அந்தப் பயிற்சி முழுசாக வெளிப்பட்ட புத்தகம் 1952இல் வந்தது. ஸ்வீடிஷ் தலைப்பைத் தமிழில் 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று சொல்லலாம். கதை ரொம்பச் சின்னது. மூமின்ட்ரோல் பால் தூக்கோடு காட்டு வழியே அம்மாவிடம் போகிறான். வழியில், தங்கை குட்டி மையைத் தொலைத்துவிட்ட மிம்பிளைப் பார்க்கிறான். (மை என்பது அவள் பெயர். தமிழில் அது அச்சு மையாகவும் ஒலிப்பது நமக்குக் கிடைத்த இலவசம்.) இருவரும் தேடிப் போகிறார்கள்.

பக்கங்களில் ஓட்டை வெட்டியிருக்கிறது. ஓட்டை வழியே அடுத்த பக்கத்தின் ஒரு துண்டு மட்டும் தெரியும். அது என்ன என்று நீங்கள் ஊகிப்பீர்கள், திருப்பினால் வேறொன்றாக இருக்கும். திருப்பிய பிறகு அதே ஓட்டை பின்பக்கத்தில் இன்னொரு வேலை பார்க்கும், இப்போது வந்த வழி அதில் தெரியும். ஒரே வெட்டு இரண்டு படங்களுக்கும் பொருந்த வேண்டும். ஒரு பக்கத்தை மாற்றினால் முன்னும் பின்னும் இடிக்கும். யாப்பில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும்.

சரி, ஓட்டை போட்டதனால் மட்டும் பெரிய ஆளா? இல்லை. அமெரிக்காவில் பீட்டர் நியூவெல் 1908லேயே ஓட்டை போட்டுவிட்டார். அவர் புத்தகத்தில் ஒரு துப்பாக்கிக் குண்டு பக்கம் பக்கமாகத் துளைத்துப் போகும். நல்ல வேடிக்கை, ஆனால் பத்துப் பக்கத்தில் சூத்திரம் தெரிந்துவிடும், ஏனென்றால் ஓட்டை எல்லாப் பக்கத்திலும் அதே இடத்தில் இருக்கிறது. தூவேயிடம் ஓட்டை இடம் மாறும், உருவம் மாறும். ஒவ்வொரு முறையும் 'அப்புறம் என்ன ஆச்சு?' என்ற கேள்வியோடு சேர்ந்தே வரும். கேள்வியை வாய் கேட்கிறது, ஓட்டை பாதிப் பதிலைக் காட்டி ஏமாற்றுகிறது. பயமும் ஆசையும் சேர்ந்த அந்த ஒரு கணத்தை வார்த்தையால் மட்டும் எழுத முடியாது. எரிக் கார்லின் புழு தாளைத் தின்றது 1969இல், 17 வருடம் கழித்து.

நிறங்களையும் பார்க்க வேண்டும். மூமின் நாவல்களில் நாம் பார்க்கும் நுணுக்கமான பேனாக் கோடுகள் இதில் பின்னால் போய்விடுகின்றன. கத்தரித்து ஒட்டியதுபோலத் தட்டையான, அழுத்தமான நிறத் திட்டுகள். எழுத்தும் அச்சுக்கோத்தது அல்ல, அவரே கையால் எழுதியது. அதனால் இந்தப் புத்தகத்தை மொழிபெயர்ப்பது பெரிய தலைவலி. எதுகையைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, யாராவது உட்கார்ந்து மறுபடி எழுத்தை வரைய வேண்டும். இதற்கு அடுத்த வருடம் ஸ்வீடனின் நில்ஸ் ஹோல்கெர்சன் விருது கிடைத்தது. நியாயமான விருது.

பிறர் நூல்களுக்கு வரைந்தபோதும் அவர் கீழ்ப்படிந்து வரையவில்லை. அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் பதிப்பாசிரியராக இருந்து கேட்டதால் 1962இல் 'ஹாபிட்'டின் ஸ்வீடிஷ் பதிப்புக்கு வரைந்தார். அதில் கொல்லம் மலைபோலப் பெரிய உருவம்! டோல்கீன் ரசிகர்கள் கடுப்பானார்கள். ஆனால் மூலத்தில் கொல்லத்தின் அளவு சொல்லப்படவில்லை. 'சிறிய' என்ற சொல் 1966 பதிப்பில்தான் சேர்ந்தது. எழுத்தாளர் விட்ட இடைவெளியில் கவனமான ஒரு வாசகி புகுந்துவிட்டாள், அவ்வளவுதான். எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும்.

அவரது எல்லாப் படப்புத்தகமும் இந்த உயரத்தில் இல்லை. 1960இல் வந்தது, தனிமையில் பயந்து வாழும் ஒரு குட்டிப் பிராணியின் கதை. அது உணர்ச்சியில் இதைவிட ஆழம், வடிவத்தில் சாதுவானது. 1977இல் வந்த 'ஆபத்தான பயணம்' நீர்வண்ணத்தில் அழகு. ஆனால் அங்கே பக்கம் படத்தைத் தாங்கும் சட்டமாக மட்டும் நிற்கிறது. 1952இல் பக்கமே ஒரு பாத்திரமாக நடித்தது.

இணையத்தில் பிடிஎஃப் தேடாதீர்கள். ஸ்கேன் செய்தால் ஓட்டை வெறும் படமாகிவிடும், விரல் நுழையாது. நூலகத்தில் கிடைத்தால், முதலில் கதையை விட்டுவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து முன்னும் பின்னும் நாலு தடவை திருப்பிப் பாருங்கள்.