ரிட்டர்ன் லைன் இல்லாத வண்டிக்குக் கூலர் எதற்கு?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களுக்குக் கை சும்மா இருக்காது. வண்டியில் எதையாவது மாட்டிக்கொண்டே இருப்பார்கள். பெட்ரோல் டிரக்குக்கு ஃப்யூல் கூலர் பொருத்துவதும் அப்படி ஒரு வேலை. பொருள் எளிமையானது: நோட்டுப் புத்தக அளவில் ஒரு குட்டி ரேடியேட்டர், நெருக்கமாக அடுக்கிய அலுமினியத் தகடுகள், பெட்ரோல் நுழைய ஒரு வாய், வெளியேற ஒரு வாய். குளிர்ந்த பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும், அதனால் பவர் கூடும் என்று சொல்லித்தான் இதைப் பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். அந்தக் காரணம் நிற்காது. ஆனால் கூலருக்கு வேறொரு உண்மையான பயன் உண்டு, அதுவும் ஒருவகை வண்டியில் மட்டும்.

முதலில் பவர் கணக்கைப் பார்த்துவிடலாம். பெட்ரோலை 20 டிகிரி குளிர்வித்தால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். அதனால் லாபமில்லை, ஏனென்றால் எஞ்சினின் பவரை வரையறுப்பது உள்ளே போகும் காற்று. ஆக்சிஜன் சென்சார் கலவையைப் பார்த்து இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் குறைத்துவிடும், அவ்வளவுதான். குளிர்ந்த பெட்ரோல் காற்றையும் குளிர்விக்குமே என்றால், ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று உள்ளே போகிறது. அந்த 20 டிகிரி குளிர்ச்சி முழுவதும் காற்றுக்குப் போய்ச் சேர்ந்தாலும் காற்றின் வெப்பம் 3 டிகிரிதான் இறங்கும். பெட்ரோல் ஆவியாகும்போது தானாகவே இதைப்போல ஏழெட்டு மடங்கு குளிர்விக்கிறது. டிராக் ரேஸ்காரர்கள் பெட்ரோல் குழாயை ஐஸ் டப்பாவுக்குள் சுற்றி ஓட்டவில்லையா என்று கேட்கலாம். அது ஐஸ், ஓட்டமும் கால் மைல்தான். காற்றில் ஆறும் கூலர் வெளிக்காற்றின் வெப்பத்துக்குக் கீழே ஒருபோதும் இறக்காது.

உண்மையான பயன் டேங்கில் இருக்கிறது. 1999 முதல் 2003 வரை வந்த ஷெவர்லே சில்வராடோ வி8 வண்டிகளை எடுத்துக்கொள்வோம். டேங்குக்குள் இருக்கும் பம்ப் சுமார் 4 பார் அழுத்தத்தில் மணிக்கு நூறு லிட்டருக்குக் குறையாமல் முன்னால் தள்ளுகிறது. ஐடிலில் எஞ்சின் குடிப்பது மணிக்கு இரண்டு மூன்று லிட்டர். மிச்சமெல்லாம் சூடான எஞ்சின் மேல் இருக்கும் ஃப்யூல் ரெயிலைச் சுற்றிவிட்டு, ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்புகிறது. டேங்கில் 25 லிட்டர்தான் இருக்கிறது, ஃபீனிக்ஸ் நகரத்தின் ஜூலை மாதம், நிழலிலேயே 41 டிகிரி, டிராஃபிக்கில் வண்டி நகரவில்லை என்று வையுங்கள். அதே பெட்ரோல் ஒரு மணி நேரத்தில் நாலு முறை எஞ்சினைச் சுற்றி வந்து சூடேறிக்கொண்டே போகும். பம்ப்பைக் குளிர்விப்பதும் இதே பெட்ரோல்தான் என்பதால் பம்ப்பும் சேர்ந்து வேகிறது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் திணறுவதும், டேங்கிலிருந்து பெட்ரோல் வாடை வருவதும் இந்தச் சூட்டின் அடையாளங்களாக இருக்கலாம். இது சில்லறை விஷயமல்ல. 1980களில் ஃபோர்டு ஈ-350 பெட்ரோல் ஆம்புலன்ஸ்களில் எரிபொருள் சூடேறி, டேங்க் மூடியருகே பீறிட்டுத் தீப்பிடித்த சம்பவங்களால் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. ரிட்டர்ன் லைனில் வைத்த கூலர் இந்தச் சூட்டைத்தான் இறக்குகிறது.

2004இல் அதே சில்வராடோவில், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் டேங்குக்குள் போய்விட்டது. மிச்சப் பெட்ரோல் அங்கேயே தங்கிவிடுவதால் எஞ்சினிலிருந்து திரும்பி வரும் குழாயே கிடையாது. அப்படிப்பட்ட வண்டியில் கூலரை மாட்டினால் முன்னால் போகும் அழுத்தக் குழாயில்தான் மாட்ட வேண்டும். அதனால் கசிய இரண்டு புதிய இணைப்புகள் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. டீசல் பிக்கப்புகளில் கம்பெனியே கூலர் வைத்துத் தருகிறதே என்பது நியாயமான கேள்வி. காமன் ரெயில் டீசல் 1,500 பாருக்கு மேல் அழுத்தப்பட்டு, அது விடுபடும்போது கடுமையாகச் சூடாகித் திரும்புகிறது. பம்ப்புக்கு மசகும் அந்த டீசலே. சூடேறி நீர்த்துப்போனால் பம்ப் தேயும். பெட்ரோலில் அந்த நெருக்கடி இல்லை.

பொருத்துவதென்றால் சைலன்சருக்கு எதிர்ப்பக்கம், சேஸிஸ் ஓரமாகக் காற்று படும் இடத்தில் வையுங்கள். கியர் ஆயில் கூலரை வாங்கி மாட்டுகிறவர்கள் அதோடு வரும் ஹோஸைத் தூர வைத்துவிடுங்கள். அது ஆயிலுக்கானது, பெட்ரோலில் ஊறி வெடித்துவிடும். அதற்கு முன், செலவில்லாத இரண்டு வேலைகள் இருக்கின்றன. கோடையில் டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சைலன்சர் பக்கம் கழன்றுபோன வெப்பத் தடுப்புத் தகட்டைத் திரும்ப மாட்டுங்கள். இரண்டையும் செய்த பிறகும் ரிட்டர்ன் லைன் உள்ள வண்டி சூட்டில் திணறினால் கூலர் வாங்குங்கள். மற்றவர்களுக்கு இது வீண் செலவு.