எதிரெதிர் இரண்டு நாற்காலிகள்

தமிழ்ப் புனைகதையில் காதலர்கள் அதிகம் பேசுவதில்லை, நினைக்கிறார்கள். இதை நம் நவீன எழுத்தின் ஆழம் என்றும் அகமுகப் பார்வையின் வெற்றி என்றும் சொல்லிக்கொள்வது பழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் சந்தேகம் உண்டு. பேச இடமில்லாதபோதுதான் நினைத்துக்கொண்டிருக்க வேண்டிவருகிறது. அறிமுகமில்லாத ஓர் ஆணும் ஒரு பெண்ணும் முதல் தடவையாகச் சந்தித்து, ஆளுக்கொரு காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவது என்ற எளிய சம்பவம் நம் எழுத்தில் ஏன் இத்தனை அபூர்வமாக இருக்கிறது? இந்தக் கேள்வியைச் சமூகவியல்காரர்களிடம் தள்ளிவிட முடியாது. நம் உரைநடையின் குறை ஒன்று இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கீழ்பென்னாத்தூரை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிற ஊர். பேரூராட்சி, 2011 தேர்தலிலிருந்து சட்டமன்றத் தொகுதியும்கூட. இம்மாதிரி ஊர்களில் டீக்கடை பெஞ்சு சாலையைப் பார்த்துப் போட்டிருக்கும். உட்காருகிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியம் பெஞ்சில் இல்லை. அது ஆண்களின் ஆசனம். பெண் நின்றபடி பார்சல் வாங்கிக்கொண்டு போகலாம். பேசிப் பார்க்க விரும்பும் இருவர் பஸ் ஏறித் திருவண்ணாமலைக்குத்தான் போக வேண்டும். அங்கே கோயில் இருக்கிறது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை இருக்கிறது. ரமணாசிரமப் பக்கம் நாற்காலி போட்ட காப்பிக் கடைகளும் வந்துவிட்டன. ஆனால் அந்த நாற்காலிகள் வெளிநாட்டாரை நினைத்துப் போட்டவை என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

சமூகம் அனுமதித்த முதல் சந்திப்பு ஒன்று உண்டு: பெண் பார்த்தல். அதிலும் காப்பி இருக்கிறது. பெண் தட்டில் காப்பியைக் கொண்டுவருகிறாள்; பையன் குடிக்கிறான். அவளுக்கு டம்ளர் இல்லை. காப்பி நன்றாயிருந்ததா என்பது பெண் எப்படி என்பதன் இடக்கரடக்கல். பெண் ஒரு வார்த்தை பேசாமலே சந்திப்பு முடிந்துபோகும்.

இதைத் தமிழ் மரபு என்று சொல்பவர்கள் கலித்தொகையைத் திறந்து பார்க்க வேண்டும். குறிஞ்சிக்கலியில் ஓர் இளைஞன் தண்ணீர் கேட்டு வாசலில் வந்து நிற்கிறான். தாய் சொல்ல, பெண் பொன் கலத்தில் நீர் கொண்டுபோகிறாள். அவன் வளைக் கையைப் பற்றுகிறான்; அவள் கூவுகிறாள். தாய் ஓடிவந்ததும், தண்ணீர் விக்கிற்று என்று பொய் சொல்லி அவனைக் காப்பாற்றுகிறாள். அந்தப் பொய்தான் அவள் எடுத்த முடிவு. முழுக் கதையையும் தோழியிடம் தன் வாயால் அவளே சொல்கிறாள். நீர் கொடுத்தவள் கதைசொல்லியாகவும் இருக்கிறாள். காப்பித் தட்டு ஏந்தியவளுக்கு வாய்க்காமல் போனது இதுதான்.

மரபில் இன்னொரு தடமும் உண்டு. கண்ணோடு கண் ஒத்துவிட்டால் வாய்ச்சொல்லால் பயனில்லை என்கிற குறளின் தடம். நம் நவீனத்துவம் தேர்ந்துகொண்டது இதை. மௌனியின் ‘அழியாச்சுடர்’ (1937) அதன் உச்சம். சந்திப்பு கோயிலில், ஊடகம் பார்வை. மௌனியின் சாதனையைக் குறைப்பது என் நோக்கமில்லை. ஆனால் பின்னால் வந்தவர்களுக்கு அது ஒரு சௌகரியமாகிவிட்டது. பெண்ணுக்குப் பேச்சு எழுதத் தெரியாதவர்கள் அவளுக்குக் கண்களை எழுதினார்கள். அவள் என்ன நினைத்தாள் என்பதை ஆண் நினைத்துச் சொன்னால் போதும் என்றாகிவிட்டது.

அந்நியர் இருவர் காப்பிக்கு எதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் அளந்துகொள்ளும் அருமையான காட்சி ஒன்று நம்மிடம் இருக்கிறது. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ (1943). சந்தேகம், சமத்காரம், விட்டுக்கொடுப்பு, பில்லை யார் கொடுப்பது என்ற சங்கடம் - ஒரு முதல் சந்திப்புக்கு வேண்டிய அத்தனையும் அந்த ஹோட்டல் மேஜையில் நடக்கின்றன. மேஜைக்கு வந்ததால் கடவுளும் மனிதனும் சமமாகிறார்கள். புதுமைப்பித்தனுக்கு மேஜையின் சக்தி தெரிந்திருந்தது. கடவுளைக்கூட ஹோட்டலுக்கு அழைத்துக்கொண்டு போக முடிந்தது. காந்திமதி அம்மாளுக்கு அந்த மேஜையில் இடம் இல்லை. 1943-ன் சென்னை அவளுக்கு இடம் தந்திருக்காது.

மேஜைக்கு யார் வரலாம் என்பது ஜாதியின் கேள்வியும்தான். காப்பி எப்படிப் பிராமண மத்தியதர வர்க்கத்தின் அடையாளமானது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ (2000) நூலில் எழுதியிருக்கிறார். ஹோட்டல் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957-ல் திருவல்லிக்கேணி முரளீஸ் கஃபே முன்னால் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்தது. பலகை போயிற்று. மேஜை, ஆண்களின் மட்டில், கொஞ்சம் திறந்தது. பெண்ணுக்கு ‘ஃபேமிலி ரூம்’ என்று திரை போட்டார்கள். குடும்பமாக வந்தால்தான் அவள் காப்பி குடிக்கலாம்.

ஜெயகாந்தன் இந்த முட்டுச்சந்தை உணர்ந்தவர். ‘அக்கினிப் பிரவேச’த்தில் (1966) முதல் சந்திப்பு மழையில், காருக்குள், பேச்சுக்கு அவகாசமே இல்லாமல் நடந்துவிடுகிறது. அந்தப் பேசாத பேச்சைப் பல வருஷம் கழித்துப் பேசவைக்க அவருக்கு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று ஒரு முழு நாவல் தேவைப்பட்டது. கங்கா பிரபுவைத் தேடிப் போய்ப் பேசுகிறாள். நாவலின் உயிர் அந்தச் சம்பாஷணைகளில்தான் இருக்கிறது. தத்துவ விசாரங்களில் இல்லை.

இதெல்லாம் உத்திப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2015 ஜூனில் கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில், உடன் படித்த வேறு ஜாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆண் பாதி பெண் பாதியாக நிற்கிற சாமியின் கோயிலில் இருவர் பேசியதற்கு இந்த விலை. திருவண்ணாமலையிலும் கார்த்திகை தீபத்தன்று, தீபம் ஏற்றுமுன் சில நிமிஷம் அர்த்தநாரீசுவரர் வெளியே வருகிறார். லட்சக்கணக்கான பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அந்தச் சில நிமிஷம் நமக்குப் போதுமானதாக இருக்கிறது.

இன்று செல்போன் வந்தபின் நிலைமை தலைகீழாகிவிட்டது. நேரில் சந்திக்கும் முன்பே மாதக்கணக்கில் பேசித் தீர்த்துவிடுகிறார்கள். குரலுக்கு முகம் கிடைக்கும் நாள்தான் இப்போது முதல் சந்திப்பு. கீழ்பென்னாத்தூர்ப் பெண் ஒருத்தி வீட்டில் ஒரு காரணம் சொல்லிவிட்டு, பஸ் ஏறி, அந்நியர்களுக்காகப் போட்ட நாற்காலியில் வந்து உட்காரும்போது, காப்பியை யாருக்கும் ஏந்திக்கொண்டு வரவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறாள். எந்த நிமிஷமும் தெரிந்தவர் யாராவது வரலாம் என்று வாசலைப் பார்த்தபடி அவள் என்ன பேசுவாள், எதை மறைப்பாள், எந்தப் பொய்யால் எதிரே இருப்பவனைக் காப்பாற்றுவாள்? இதை எழுத அகப்பிரவாகம் உதவாது. காது வேண்டும். கபிலருக்கு அது இருந்தது.