யார் காலுக்கு இந்தக் காலுறை?

காலுறை பின்னக் கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கைவிடுகிறார்கள். கணுக்கால் வரைக்கும் வேலை சுலபம். மெல்லிய ஊசிகளில் 64 கண்ணிகளை ஏற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பின்னினால் கம்பளிக் குழாய் நீண்டுகொண்டே போகும். பிறகு குதிகால் வருகிறது. அங்கே பாதிக் கண்ணிகளைச் சும்மா விட்டுவிட்டு, மீதிப் பாதியை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்ன வேண்டும். அதற்குப் பின், ஒரு வரிசையை முடிக்காமலே நடுவில் ஊசியைத் திருப்பச் சொல்கிறது பின்னல் குறிப்பு. அடுத்த வரிசையையும் முடிக்காமலே திருப்பச் சொல்கிறது. முதல்முறை படிக்கிறவருக்கு அச்சுப்பிழை என்றே தோன்றும். நம்பிப் பின்னியவருக்கோ, பத்துப் பன்னிரண்டு வரிசைகளுக்குள் தட்டையாக இருந்த துணி குழிந்து, குதிகாலுக்கு இடம் கொடுத்துவிடுகிறது.

அந்தப் பத்துப் பன்னிரண்டு வரிசைகளைத் தாண்ட வைப்பதுதான் கூட்டுப் பின்னலின் பெரிய சாதனை. மேலை நாடுகளில் 'நிட் அலாங்' என்று வழங்கும் இந்த வழக்கத்தின் அமைப்பு எளிமையானது. கம்பளி நூல் கடையிலோ நூலகத்திலோ யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்திலோ சிலர் கூடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே குறிப்பு, ஒரே தொடக்க நாள், வாரத்துக்கு ஒரு பகுதி. முதல் வாரம் மேல்விளிம்பு, அடுத்த வாரம் கால், மூன்றாம் வாரம் குதிகால், கடைசியில் விரல்முனை. தொப்பி, மஃப்ளர், கையுறை என்று எதற்கும் இதே முறைதான். புத்தகத்தில் 'திருப்பு' என்ற ஒரு சொல்லாக இருப்பது, பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் கையில் கண்ணெதிரே நடக்கிறது. தனக்கு வந்த அதே குழப்பம் அதே வாரத்தில் அவருக்கும் வந்திருக்கிறது என்று தெரிவதும் பெரிய துணை. தனியாக இருந்திருந்தால் பையில் போட்டு மூடியிருக்கக்கூடிய வேலை, ஆறு வாரத்தில் காலுறையாகிவிடுகிறது. ஒரு கைத்தொழிலைப் பள்ளிக்கூடமும் கட்டணமும் இல்லாமல் கையிலிருந்து கைக்குக் கடத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு பயனுள்ள வழக்கத்தின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. அது சிறிய குறை இல்லை. பின்னுபவரை இத்தனை அன்போடு கவனிக்கும் கூட்டுப் பின்னல், அணியப்போகிறவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது.

எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1914இல் முதல் உலகப்போர் தொடங்கிய சில வாரங்களில், பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் கேட்டுக்கொண்டதன் பேரில், அரசி மேரி நாட்டுப் பெண்களிடம் 3,00,000 ஜோடிக் காலுறைகளையும் அதே அளவு வயிற்றுப் பட்டைகளையும் பின்னித் தரச் சொல்லி வேண்டுகோள் விடுத்தார். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் அங்கே செஞ்சிலுவைச் சங்கம் அந்தப் பணியை ஏற்றது. பள்ளிச் சிறுவர்கள்கூடப் பின்னினார்கள். 1918இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் பின்னலுக்கென்றே ஒரு பெருங்கூட்டம் நடந்தது. அந்தக் காலத்துக் குறிப்புகளைப் பார்த்தால் அணிபவர் எத்தனை தெளிவாகக் கண்முன் இருந்தார் என்பது தெரியும். காலுறைக்குள் முடிச்சு இருக்கக் கூடாது. விரல்முனையில் தையல் மேடு தட்டக் கூடாது. ஈரச் சேற்றில் நாள்கணக்கில் நின்ற வீரனின் பாதத்தில் ஒரு சிறு முடிச்சும் கொப்புளமாகும், கொப்புளம் புண்ணாகும். பதுங்குகுழிகளில் பாதங்கள் அழுகிப்போன நோய்க்கு, காய்ந்த காலுறையை அடிக்கடி மாற்றிப் போடுவதே முக்கியத் தடுப்பாக இருந்தது. விரல்முனையை மேடு இல்லாமல் மூடும் முறைக்கு இன்றும் கிச்சனர் தையல் என்றே பெயர். அவரே அதைக் கண்டுபிடித்தார் என்ற கதைக்கு வலுவான ஆதாரம் கிடையாது. ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட விதம், யார் பாதத்தை நினைத்து அந்தத் தையலைப் போட்டார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது.

அந்தப் போர்க்காலப் பின்னலையும் நான் முழுதாகப் புகழ மாட்டேன். காலுறை பின்னும் இயந்திரங்கள் அப்போதே தொழிற்சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தன. முதல் காலுறைத் தறியை இங்கிலாந்தின் வில்லியம் லீ 1589இலேயே செய்துவிட்டார். கையால் பின்னச் சொன்னதில் தேவை பாதி என்றால், வீட்டில் இருந்தவர்களையும் போரோடு கட்டிப்போடும் நோக்கம் மீதிப் பாதி. பின்ன மறுத்த பெண்ணைத் தேசப்பற்று இல்லாதவள் என்று பார்க்கும் அழுத்தமும் அதில் கலந்திருந்தது. கூலியில்லாத உழைப்பைப் பெருமை என்று பெயரிட்டு வாங்குவது கூட்டுப் பின்னலுக்கு அன்றே ஒட்டிய பழக்கம்.

இன்றைய வடிவத்தில் தேசத்தின் இடத்தைக் கடிகாரம் பிடித்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு டூரின் குளிர்கால ஒலிம்பிக்கின்போது, டொராண்டோவைச் சேர்ந்த எழுத்தாளர் ஸ்டெஃபனி பேர்ல்-மெக்ஃபீ ஒரு போட்டியை அறிவித்தார். தொடக்க விழாவில் ஜோதி ஏறும்போது ஊசியில் கண்ணி ஏற்ற வேண்டும். பிப்ரவரி 26 அன்று ஜோதி அணைவதற்குள் முடித்துவிட வேண்டும். தனக்குக் கடினமான ஒன்றைத் தானே தேர்ந்துகொள்ளலாம். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். யாரும் யாரையும் தோற்கடிக்கத் தேவையில்லாத அந்தப் போட்டி அழகான யோசனை. ஆனால் அதன் வழியில் வந்த பல கூட்டங்கள் 'கடினமானதை நீயே தேர்ந்துகொள்' என்ற பகுதியை விட்டுவிட்டு, கெடு தேதியை மட்டும் வைத்துக்கொண்டன.

கெடு தேதி என்ன கெடுக்கிறது என்பதைக் கணக்கோடு சொல்ல வேண்டும். காலுறைக்கு 64 கண்ணிகள் என்றேன். ஓர் அங்குலத்துக்கு எட்டுக் கண்ணி விழும் கை உள்ளவருக்கு இது எட்டு அங்குலச் சுற்றளவு. பாதத்தின் சுற்றளவு ஒன்பது அங்குலம் என்றால் மிகப் பொருத்தம். காலுறை பாதத்தைவிடப் பத்து விழுக்காடு சிறியதாக இருந்தால்தான் இழுத்துப் பிடிக்கும். அதே நூலில், அதே ஊசியில் கை கொஞ்சம் தளர்ந்தவருக்கு அங்குலத்துக்கு ஏழு கண்ணிதான் விழும். அவருடைய காலுறை ஒன்பது அங்குலத்துக்கும் மேலே போய்விடுகிறது. அது செருப்புக்குள் சுருண்டு, கணுக்காலிலிருந்து வழுக்கி இறங்கும். அங்குலத்துக்கு ஒரே ஒரு கண்ணி வித்தியாசம், அவ்வளவுதான்.

இதைத் தவிர்க்க எல்லோருக்கும் தெரிந்த வழி, முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னுவது. அதைக் காலுறை போலவே சுற்றாகப் பின்ன வேண்டும், நனைத்துக் காயவைக்க வேண்டும், பிறகுதான் அளக்க வேண்டும். இரண்டு நாள் ஆகும். கூட்டம் வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மற்றவர்கள் மேல்விளிம்பை முடித்துவிடுகிறார்கள். மாதிரி பின்னியவர் இன்னும் அளவுநாடாவோடு உட்கார்ந்திருக்கிறார். அளவு தவறு என்று கண்டுபிடித்துப் பிரித்துப் போடுபவர் இன்னும் பின்தங்குகிறார். நல்ல காலுறைக்கு எந்தப் பழக்கம் தேவையோ, அதே பழக்கத்தைத்தான் கால அட்டவணை தண்டிக்கிறது. இதில் தனிமனித அவசரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏற்பாட்டிலேயே அந்தக் கோணல் இருக்கிறது.

மர்மக் கூட்டுப் பின்னலில் இது உச்சத்துக்குப் போகிறது. இறுதி வடிவம் என்னவென்று சொல்லாமல் வாரம் ஒரு துண்டாகக் குறிப்பை வெளியிடுவார்கள். ஆம்ஸ்டர்டாமில் வாழும் வடிவமைப்பாளர் ஸ்டீஃபன் வெஸ்ட் சால்வைகளுக்கு இப்படி நடத்தும் கூட்டுப் பின்னல் உலகெங்கும் பெயர்பெற்றது. சால்வை என்றால் எனக்கு மறுப்பே இல்லை. சால்வை யார் தோளிலும் உட்காரும். இரண்டு அங்குலம் கூடினால் யாருக்கும் நட்டமில்லை. காலுறைக்கும் தொப்பிக்கும் அதே முறையைக் கொண்டுவருவதுதான் தவறு. எத்தனை அங்குலத்தில் குதிகால் வரும் என்று தெரியாமல் ஒருவர் தன் காலுக்கு எப்படித் திட்டமிடுவார்?

மாற்றுவழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த எலிசபெத் ஸிமர்மன், 1971இல் வெளியான 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்' நூலில் குறிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாமல், தன் கை எத்தனை கண்ணி போடுகிறது, அணிபவரின் அளவு என்ன என்ற இரண்டு எண்களிலிருந்து கணக்குப் போடச் சொல்லித்தந்தார். அவர் 1974இல் தொடங்கிய பின்னல் முகாம்களும் கூட்டம்தான். ஒரே குறிப்புக்குள் எல்லோரையும் நிறுத்தாமலே கூடிப் பின்ன முடியும் என்பதற்கு அது போதிய சான்று. குறிப்பு விற்பவர்களுக்கு இந்த முறையில் வருமானம் குறைவு என்பதும் உண்மை. கூட்டுப் பின்னல் ஒவ்வொன்றுக்கும் புது நூல், புது நிறம், புதுக் குறிப்பு என்று வாங்கவைக்கும் வேகம் இப்போது பெருகியிருக்கிறது. காலுறை நூல் பெரும்பாலும் 75 விழுக்காடு கம்பளி, 25 விழுக்காடு நைலான். இயந்திரத்தில் துவைக்க ஏதுவாகக் கம்பளி இழையின் செதில்களைக் குளோரினால் கரைத்து, மேலே பிசின் பூசுவதே பரவலான முறை. அலமாரியில் பிரிக்காமல் கிடக்கும் ஒவ்வொரு நூல்கண்டுக்குப் பின்னாலும் இந்த வேதியியல் செலவு இருக்கிறது. இருக்கும் நூலை முடிப்பதற்கென்றே நடக்கும் கூட்டங்களும் உண்டு. அவற்றை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஒற்றைக் காலுறையோடு நின்றுபோகும் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். கூட்டம் கலையும்போது பலர் கையில் ஒரு காலுறைதான் இருக்கிறது. குதிகால் புதிர் அவிழ்ந்துவிட்டது, உற்சாகம் வடிந்துவிட்டது. ஜோடி சேர்க்க ஊக்கம் இல்லை. நீண்ட வட்ட ஊசியில் இரண்டையும் ஒரே நேரத்தில் பின்னச் சொல்லித்தரும் கூட்டங்களில் இந்தச் சிக்கல் எழுவதேயில்லை. ஒரு கால் உள்ள குறிப்பை விட இரண்டு கால் உள்ள குறிப்பு கற்பிக்கக் கொஞ்சம் கடினம், அவ்வளவே.

பலரும் சேர்ந்து ஒன்றைப் பின்னுவதற்கு எந்தப் பொருள் ஏற்றது என்பதை மிகச் சரியாகக் கணித்த முயற்சி ஒன்று உண்டு. 2017 ஜனவரி 21 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் பேரணிக்காகக் கிறிஸ்டா ஸு, ஜெய்னா ஸ்வைமன் இருவரும் தொடங்கிய இளஞ்சிவப்புப் 'புஸ்ஸிஹாட்'. லாஸ் ஏஞ்சலஸில் நூல் கடை நடத்திய கேட் கோய்ல் வடிவமைத்தது. நீளச் செவ்வகத் துண்டு ஒன்றை மடித்து, இரு பக்கமும் தைத்துவிட்டால் தொப்பி. தலையில் வைத்ததும் இரு மூலைகளும் பூனைக் காதாக நிமிரும். குறைக்கும் கண்ணி இல்லை, கடினமான வளைவு இல்லை. கை தளர்ந்தவர் பின்னியதும் இறுகியவர் பின்னியதும் ஏதோ ஒரு தலைக்குப் பொருந்திவிடும். முதல்முறை ஊசி பிடித்தவர்கள் சில நாளில் முடித்தார்கள். பேரணிக்குப் போக முடியாதவர்கள் பின்னி அனுப்பினார்கள். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஒரு தொப்பியைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஒரே நிறம், ஒரே சின்னம் என்ற அந்த ஒற்றுமையே அடுத்த சிக்கலையும் கொண்டுவந்தது. அந்த நிறமும் பெயரும் வெள்ளைப் பெண் உடலை மட்டும் நினைத்துச் செய்த குறியீடு என்று கறுப்பினப் பெண்களும் திருநங்கைகளும் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். தலை அளவைப் பற்றி இத்தனை யோசித்தவர்கள், அந்தத் தலைகள் யாருடையவை என்பதைப் பற்றியும் யோசித்திருக்க வேண்டும்.

தானத்துக்காகப் பின்னும்போது இந்த மறதி இன்னும் பெரிதாகிறது. ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் தீவில் 2001இல் எண்ணெய்க் கசிவில் 438 சிறு பென்குவின்கள் சிக்கின. எண்ணெயை அவை அலகால் கோதி விழுங்காமலிருக்கக் கம்பளிச் சட்டை போட்டார்கள். செய்தி பரவப் பரவ உலகெங்கிலிருந்தும் சட்டைகள் வந்து குவிந்தன. தேவையைப் பலமடங்கு மீறியவற்றைப் பொம்மைப் பென்குவின்களுக்குப் போட்டு விற்று நிதி திரட்டினார்கள். பிரிட்டனில் பழச்சாறு நிறுவனம் ஒன்று பாட்டிலுக்குக் குட்டித் தொப்பி பின்னி அனுப்பச் சொல்லி, தொப்பி போட்ட பாட்டில் விற்கும்போதெல்லாம் முதியோர் நலனுக்குச் சில பென்ஸ் கொடுத்துவந்தது. பணம் நல்ல காரியத்துக்குப் போனது, மறுக்கவில்லை. தனியாக இருக்கும் முதியவர்கள் பலர் கூடிப் பின்ன அது வாய்ப்பாகவும் இருந்தது. இருந்தாலும் குளிரில் நடுங்கும் தலைகள் இருக்கும் ஊரில் பாட்டிலுக்குத் தொப்பி போடும் உழைப்பை என்னால் முழு மனதோடு கொண்டாட முடியவில்லை.

சென்னையில் 2016 ஜனவரியில் 'மதர் இண்டியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவின் பெண்கள் கொக்கி ஊசியால் பின்னிய துண்டுகளை இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் போர்வை செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். சாதனைகள் மீது எனக்கு ஈடுபாடு குறைவு. ஆனால் அவர்கள் தேர்ந்த அலகு சரியானது. போர்வைக்கு அளவெடுக்க வேண்டியதில்லை. பெரிய விரிப்பைப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் ஒருவர் போர்த்திக்கொள்ளத் தகுந்தது.

நூறாண்டுக்கும் மேலாக அணிபவரை மறக்காமல் நடந்துவரும் கூட்டுப் பின்னலும் இருக்கிறது. நியூயார்க்கின் சீமென்ஸ் சர்ச் இன்ஸ்டிடியூட் 1898இலிருந்து கப்பல் தொழிலாளர்களுக்குத் தன்னார்வலர்கள் பின்னிய தொப்பி, மஃப்ளர், காலுறைகளை அனுப்பிவருகிறது. பரிசு போய்ச் சேரும் கடலோடிகளில் பிலிப்பைன்ஸ்காரர்களும் இந்தியர்களும் ஏராளம். வெப்ப நாட்டுத் துறைமுகத்தில் கப்பலேறி, சில வாரத்தில் உறைபனிக் கடலில் தளத்தில் நிற்பவர்கள். குறிப்புகளை நிறுவனமே தருகிறது. கப்பலின் துவைக்கும் இயந்திரத்தில் போட்டாலும் கெடாத நூலே வேண்டும் என்கிறது. நான் மேலே குறைசொன்ன பிசின் பூசிய கம்பளிக்கு இங்கே முழு நியாயம் இருக்கிறது.

அடுத்த காலுறைக் கூட்டத்தை நடத்துபவர் முதல் வாரத்தில் யாரையும் கண்ணி ஏற்றவிடாமல், அளவுநாடாவும் மாதிரித் துண்டும் மட்டும் கையில் கொடுக்கட்டும். தொலைவில் இருப்பவருக்குப் பின்னுகிறவர்கள் அந்த வாரத்திலேயே அவரிடம் பாத அளவைக் கேட்டு வாங்கட்டும். எல்லோரும் ஜோடியாகவே தொடங்கட்டும். பின்னி முடித்து மூன்று மாதம் போட்ட பிறகு ஒரு மாலை மறுபடியும் கூடி, எது தளர்ந்தது, எது சுருங்கியது, நூல் எங்கே தேய்ந்தது என்று மேசைமேல் பரப்பிப் பார்க்கட்டும். அடுத்த குறிப்பை அந்த மேசையில் உட்கார்ந்து எழுதலாம்.