சுங்கம் தவிர்த்தவனும் சுங்கம் விதித்தவனும்

முதற் குலோத்துங்கனுக்கு வரலாறு சூட்டிய பட்டங்களுள் ஒன்று ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்பது. பள்ளிப் பாடநூலிலே அந்தப் பட்டம் உண்டு; பட்டிமன்ற மேடையிலே உண்டு; பழம்பெருமை பேசும் புலவர் பெருமக்கள் நாவிலே அது நடனமே ஆடும். வரி நீக்கிய வள்ளல் என்பர். வாணிபம் வளர்த்த வேந்தன் என்பர். கேட்போர் கை தட்டுவர், கூட்டம் கலையும். சுங்கம் தவிர்த்தான் — சரி. எவருக்குத் தவிர்த்தான்? தவிர்த்ததால் வந்த நன்மை எவர் வாசலில் போய் நின்றது? இந்தக் கேள்வியைக் கேட்ட புலவர் எத்தனை பேர்?

அந்த மன்னன் காலத்தில்தான், 1077-ல், சீனத்துக்கு 72 பேர் கொண்ட தூதுக்குழு சென்றது. கடல் கடந்து வாணிபம் நடந்த காலம் அது. அதே மன்னன் காலத்தில்தான், 1086-ல், நாட்டின் நிலமெல்லாம் அளக்கப்பட்டது. நிலத்தை அளப்பது எதற்கு? நிலவரிக்கு! வணிகனின் பொதி மீதிருந்த சுங்கம் நீங்கிற்று. உழவனின் கழனி மீது அளவுகோல் விழுந்தது. சுங்கம் நீங்கியதால் உப்பும் துணியும் மலிந்து ஊராரும் பயன் பெற்றிருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கையைப் பாடிவிட்டு மறு கையைப் பாராது போன பாட்டு, முழுப் பாட்டு ஆகாது என்கிறோம்.

பழைய கதையை ஏன் கிளறுகிறோம்? அன்று சுங்கம் தவிர்த்தவனுக்குப் பாடிய வாய்கள், இன்று சுங்கம் விதிப்பவனுக்குப் பாடுகின்றன, அதனால்தான்! 2025 ஆகஸ்டு 7-ல் அமெரிக்க அரசு இந்தியப் பொருள்கள் மீது 25 விழுக்காடு கூடுதல் சுங்கம் விதித்தது. ஆகஸ்டு 27-ல் மேலும் 25. ஆக, பல பொருள்களுக்கு 50 விழுக்காடு. அமெரிக்கச் சந்தையை நம்பி நின்ற திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் திகைத்தது. அங்கே அதற்குப் பெயர் நாட்டுப்பற்று. இங்கே அதற்கு மறுமொழியாக, ‘நாமும் சுவரை உயர்த்துவோம்’ என்று முழங்கினர் ஒரு சாரார். ‘சுவர்களையெல்லாம் இடித்துத் தள்ளுவோம்; தடையற்ற வாணிபமே தழைக்கும் வழி’ என்றனர் மற்றொரு சாரார்.

இரு சாராருக்கும் ஒரே குறை. இருவரும் கோட்டை வாசலில் நின்றே சுங்கத்தைப் பார்க்கிறார்கள். உள்ளே வரும் வண்டியும் வெளியே போகும் வண்டியும் கண்ணில் படுகின்றன; அந்த வண்டியில் இருப்பதை விளைவித்தவன் மட்டும் கண்ணில் படுவதில்லை. அவன் நிற்கும் இடத்தில் நாமும் சற்று நின்று பார்ப்போமே!

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கிறது கல்வராயன் மலை. விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019-ல். இந்த மலையோ, 1976 வரை சாகிர்தார்களின் ஆளுகையில் கிடந்தது. நாடு விடுதலை பெற்றது 1947-ல். கூலியற்ற உழைப்பிலிருந்து மலைமகன் சட்டப்படி விடுபட அதற்குப் பின் 29 ஆண்டுகள் ஆயின. அந்த மலையின் சரிவுகளிலே, வானம் பார்த்த பூமியிலே, மலையாளிப் பழங்குடி மக்கள் இன்று விளைவிக்கும் பயிர்களுள் முதன்மையானது மரவள்ளி. குச்சிக்கிழங்கு என்பார்கள் ஊரார். தோண்டிய கிழங்கு லாரியேறிக் கீழே இறங்கும். சின்னசேலம், ஆத்தூர் வட்டாரத்து ஆலைகளிலே மாவாகும், சவ்வரிசியாகும். அங்கிருந்து வடக்கே புறப்படும். மராட்டிய நாட்டில் விரத நாளில் தட்டில் விழும் சவ்வரிசிக் கிச்சடிக்குப் பெரும்பாலும் சேலத்து ஆலைகளே கதி. தானியம் தொடுவது தீட்டு. தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த கிழங்கு மட்டும் தூய்மை! சாத்திரத்தின் சுங்கச்சாவடியில் அந்த அயல்நாட்டுச் சரக்குக்கு எவர் விலக்கு அளித்தாரோ!

சரி, இந்தக் கிழங்குக்கும் சுங்கப் போருக்கும் என்ன தொடர்பு? பிறப்பிலேயே தொடர்பு! முன்பெல்லாம் சவ்வரிசி இங்கே மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து கப்பலில் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியர் வசமாயிற்று, கப்பல் நின்றது. 1943-ல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கினார். எந்த அமைச்சரும் வரி விதிக்கவில்லை. போரே சுவராக நின்றது. போர் முடிந்து அயல்நாட்டுச் சரக்கு மீண்டும் தலைகாட்டியபோது, ஆலையாளர் பாதுகாப்புக் கேட்டனர். பின்னர் இந்தியா பல்லாண்டு கடைப்பிடித்த இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலிலே தொழில் வளர்ந்தது.

சுவரின் ஆதரவாளர் இங்கே துள்ளி எழுவர்: “பார்த்தீரா, பாதுகாப்பு வளர்த்த தொழிலை!” பார்த்தோம். தொழில் வளர்ந்ததையும் பார்த்தோம், மலையையும் பார்த்தோம். அந்தச் சுவர் உயர்ந்து நின்ற ஆண்டுகளில்தானே கல்வராயன் மலையில் சாகிர்தார் கொலுவீற்றிருந்தார்? அயல்நாட்டு மாவைத் துறைமுகத்திலே தடுத்த கை, உள்நாட்டு அடிமைத்தளையைத் தொடவில்லையே! சுவர் காத்தது ஆலையை. ஆலைக்குள்ளிருந்து மலைக்கு நன்மை ஏறிச் செல்ல எவரும் படி கட்டவில்லை.

இனி, கதவு திறந்த கதை. அதற்குத் தாய்லாந்துக்குப் போய் வரவேண்டும். மேற்கு ஐரோப்பிய நாடுகள் தம் உழவரைக் காக்க அயல்நாட்டுத் தானியத்தின் மீது பெருவரி போட்டன. மரவள்ளிக்கு மட்டும் 6 விழுக்காட்டுக்கு மேற்படாது என்று முன்பே ஒப்பியிருந்தன. சுவரில் ஓர் ஓட்டை! தாய்லாந்தின் மரவள்ளி அந்த ஓட்டை வழியே வெள்ளமாய்ப் பாய்ந்தது. ஆலந்து நாட்டுப் பன்றிக்கும் மாட்டுக்கும் தீவனமாயிற்று. காட்டையழித்துக் கிழங்கு நட்டனர். ஐரோப்பா விழித்துக்கொண்டு 1982-ல் அளவு வரம்பு கட்டியது. பிரசெல்சு நகரத்து மேசையில் எழுதிய ஓர் எண், தாய்லாந்துக் காட்டை வயலாக்கியது; இன்னோர் எண் அந்த வயலின் சந்தையைச் சுருக்கியது. உழுதவனிடம் இரண்டு முறையும் எவரும் கேட்கவில்லை. இன்று தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் பெரிய வாடிக்கைக்காரன் சீனம்.

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்புடன் இந்தியா 2009 ஆகஸ்டில் ஒப்பந்தம் செய்தது. 2010 சனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பல பொருள்களுக்குச் சுங்கம் படிப்படியாய் இறங்கிற்று. தாய்லாந்து, வியட்நாம் மரவள்ளி மாவு நம் துறைமுகங்களில் இறங்குகிறது. ஆலையாளர் அலறுகின்றனர்: மாவு விலை வீழ்ந்தால் எம் கதி என்ன என்று. அலறலில் நியாயம் இல்லாமல் இல்லை. மாவு வாங்குவோன் விலை குறைந்த இடத்தையே நாடுவான். ஆலை ஈடு கொடுக்கவேண்டும். அந்த இழப்பை எங்கே இறக்கி வைக்கும்? மின்சாரம் கடன் சொல்லாது. வங்கி வட்டி விட்டுக்கொடுக்காது. குனிந்த முதுகு ஒன்றுதான் உண்டு — கிழங்கு கொண்டுவருபவனின் முதுகு.

அவன் ஏன் குனிகிறான்? இயற்கையே அவனைக் குனிய வைத்திருக்கிறது. நெல்லைக் குதிரில் போட்டு விலைக்குக் காத்திருக்கலாம். தோண்டிய மரவள்ளி இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும். மண்ணிலேயே விட்டுவைத்தாலோ நிலம் முடங்கும். மழை பெய்தால் மாவுச்சத்து இறங்கும். ஆலைவாசலில் மாவுச்சத்தை ‘பாயிண்ட்’ என்று அளந்து அந்தக் கணக்கில் விலை போடுகிறார்கள். அளக்கும் கருவி எவருடையது? வாங்குபவருடையது! இடையிலே தரகர், லாரி வாடகை, முன்பணம் பெற்றிருந்தால் அந்தக் கட்டு வேறு. பேரம் பேச அவனிடம் இருப்பது அழுகிக்கொண்டிருக்கும் ஒரு பாரம்! சுங்கம் ஏறினால் அதன் இனிப்பு ஆலைவாசலோடு நின்றுவிடலாம். சுங்கம் இறங்கினால் அதன் கசப்போ மலையுச்சிவரை தவறாமல் ஏறிவிடுகிறது. கீழே விளையும் கரும்புக்காவது அரசு ஆண்டுதோறும் விலை அறிவிக்கிறது; மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் உண்டு. நடுவணரசின் ஆதரவு விலைப் பட்டியலிலோ மரவள்ளியின் பெயரே இல்லை.

இது இன்று நேற்று வந்த விதியல்ல. 1930 சூனில் அமெரிக்கா பெருஞ்சுங்கச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. கையெழுத்திடாதீர் என்று 1028 பொருளியல் அறிஞர்கள் தலைவர் ஊவருக்கு விண்ணப்பித்தனர், அவர் கேட்கவில்லை. பிற நாடுகளும் பழிக்குப் பழியாய்ச் சுவர் எழுப்பின. ஏற்கெனவே தொடங்கியிருந்த உலகப் பெருமந்தம் மேலும் இறுகியது. கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காடு மாவட்டம். நிலக்கடலைக்குப் பெயர்போன மாவட்டம். கடலை விலை சரிந்தது; நிலவரி மட்டும் அதற்கு ஈடாய் இறங்கவில்லை. வாசிங்டனுக்கு இந்த ஊரின் பெயர் தெரியாது. இந்த ஊருக்கு வாசிங்டனின் வலி தெரிந்தது!

ஆனால் எல்லா நாட்டு உழவனும் இப்படித் தனித்து விடப்படுவதில்லை. 2018-ல் அமெரிக்கா சீனத்தோடு சுங்கப் போர் தொடுத்தது. சீனம் அமெரிக்கச் சோயா மொச்சை மீது 25 விழுக்காடு பதில் வரி போட்டது. உடனே அமெரிக்க அரசு தன் உழவருக்கு உதவியாக 2018-ல் 1200 கோடி டாலர் வரையிலும், 2019-ல் 1600 கோடி டாலர் வரையிலும் அறிவித்தது. போர் தொடுத்தவன் தன் படைவீரனுக்குச் சோறு போட்டான். கல்வராயன் மலை உழவனோ எந்தப் போரையும் தொடுக்காதவன். இருந்தும் காயம் படுகிறான். மருந்துக்கு மட்டும் அவன் பெயர் பட்டியலில் இல்லை!

இன்னொன்றும் எண்ணுங்கள். 2020-ல் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவுக்குள் நுழைந்தது. தென் அமெரிக்கப் பூச்சி; எந்தச் சுங்கச்சாவடியிலும் நிற்கவில்லை. தமிழ்நாட்டு மரவள்ளிக் காடுகளை அது வாட்டியது. அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டு ஆய்வு நிலையத்திலிருந்து நம் அறிவியலாளர் வரவழைத்து, 2022-ல் வயல்களில் விடத் தொடங்கினர். பயிரும் அயல்நாட்டது, பகையும் அயல்நாட்டது, மருந்தும் அயல்நாட்டது. உலகத்தை வெளியே நிறுத்திவிட்டு வாழலாம் என்போர் இந்த ஒரு கிழங்கின் கதையைப் படித்தால் போதும்.

அப்படியானால் சுங்கமே கூடாது என்கிறீரா என்று கேட்பர். இல்லை. ஆலை மூடினால் கிழங்கை எவன் வாங்குவான்? முதலில் வாடுபவன் உழவனே. ஆகவே ஆலையைக் காக்கும் சுங்கத்தை நாம் எதிர்க்கவில்லை. உழவன் பெயரைச் சொல்லி வாங்கிய காப்பு, உழவனைச் சென்று சேராததைத்தான் எதிர்க்கிறோம். காப்புக் கேட்டுத் தில்லிக்குச் செல்வோர், கிழங்குக்கு இன்ன விலைக்குக் குறையாமல் கொடுப்போம் என்று எழுதிக் கையொப்பமிட்டுச் செல்லட்டுமே! முடியாத செயலா அது? கேரள அரசு 2020 நவம்பர் முதல் 16 வகை விளைபொருள்களுக்கு அடிப்படை விலை அறிவித்தது. மரவள்ளிக்குக் கிலோ 12 ரூபாய் என்று குறித்தது. அங்கே நிற்கும் சட்டம் இங்கே வழுக்கி விழுமா?

ஆலையாளர் 1981-லேயே சேலத்தில் கூட்டுறவுச் சங்கம் கண்டு, ‘சேகோசர்வ்’ வழியே தம் சரக்கைத் தாமே ஏலம் விட்டு விற்கும் வழி கண்டனர். அறிவுடைய செயல், பாராட்டுகிறோம். 2023-ல் சேலம் சவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது, மகிழ்கிறோம். மாவாக்கியவன் ஒன்று சேர்ந்தால் வலிமை வரும் என்றால், விளைவித்தவன் ஒன்று சேர்ந்தால் வராதா? கிழங்கைச் சீவி உலர்த்தினால் மாதக்கணக்கில் கெடாது. காத்திருக்கும் வலிமை அந்த வற்றலில் இருக்கிறது. வெள்ளிமலையில் ஓர் உலர்களம், உழவர் கையில் ஓர் அளவுகருவி, உழவர் பெயரில் ஒரு சங்கம் — இவை மூன்றும் வந்தால், சுங்கம் ஏறும்போது அதன் பயனில் ஒரு பங்கைக் கேட்டு வாங்குவான். இறங்கும்போது குனியாமல் நிற்பான்.

தோழர்களே! சுங்கம் என்பது கோட்டை வாசலில் நிற்கும் ஒரு கதவு. திறந்தாலும் புகழ் பாடுவர். அடைத்தாலும் புகழ் பாடுவர். பாடுவோர் பாடட்டும். அடுத்த முறை எந்த மேடையிலாவது ‘சுங்கம் தவிர்த்தவன்’ என்றோ ‘சுங்கம் விதித்தவன்’ என்றோ வாழ்த்தொலி எழுந்தால், கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கிழங்கு இன்று என்ன விலை?”